சைரன் ஏன் அடித்தது என்று காட்டும் மென்பொருள்: பெரம்பூர் வீட்டில் ஹோம் அசிஸ்டன்ட்

தெற்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கருவி கைக்கு வந்தாலும், இது கெட்டுப்போனால் என்ன செய்யும், கெட்டுப்போனதை யாருக்காவது சொல்லுமா என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டே ஹோம் அசிஸ்டன்ட்டை மதிப்பிடுகிறேன். குரல் கொடுத்தால் விளக்கு எரிவது, ஃபேன் சுற்றுவது எல்லாம் அதில் உண்டு. எனக்கு அவை வேண்டாம். கதவு, ஜன்னல், மொட்டை மாடி, சைரன், இவ்வளவுதான் என் உபயோகம்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். வீட்டில் உள்ள சென்சார், விளக்கு, சைரன் போன்றவற்றை ஒரே இடத்திலிருந்து இயக்க, 2013-ல் பாலஸ் ஸ்கௌட்சன் என்பவர் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் இது. 2024 முதல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. மென்பொருளுக்குக் காசு கிடையாது. ஒரு சின்னக் கணினி மட்டும் நம் வீட்டில் எப்போதும் ஓட வேண்டும். எது நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற விதிகள் எல்லாம் அந்தக் கணினியிலேயே இருப்பதால் இணையம் போனாலும் வேலை நடக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய மினி பிசி ஒன்றில் போட்டிருக்கிறேன்.

இதற்கு முன்னால் வீட்டில் இருந்தது வேறு. பெங்களூரில் இருக்கும் என் பெண் ஆசையாக வாங்கி அனுப்பிய பாதுகாப்பு செட் அது. எல்லா சென்சார்களோடும் பேசும் ஒரு ஹப், கதவு சென்சார்கள், அசைவு சென்சார்கள், ஒரு சைரன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். பார்க்க நன்றாக இருந்தது, பொருத்துவதும் சுலபம். கோடைக்காலம் வந்ததும் தொல்லை ஆரம்பித்தது. ராத்திரி கரண்ட் போய் வரும். வந்த சில நொடியில் சைரன் அலறும். தினமும் அப்படி இல்லை. சில ராத்திரி கரண்ட் போய் வந்தும் சத்தமே இருக்காது. என் அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு மணிக்கு அந்தச் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தால் அப்புறம் விடியும் வரை அவருக்குத் தூக்கம் இல்லை, படபடப்புதான். எதிர்வீட்டு அண்ணன் டார்ச் எடுத்துக்கொண்டு ஓடி வருவார். அவரும் எத்தனை நாள்தான் வருவார்?

செயலியைத் திறந்தால் அலாரம் அடித்தது என்று ஒரு வரி, பக்கத்தில் நேரம். எந்த சென்சார், என்ன நிலையிலிருந்து என்ன நிலைக்கு மாறியது, எந்த விதி ஓடியது, ஒன்றும் கிடையாது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், "சார், ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போட்டுப் பாருங்க" என்றார்கள். இன்னொரு முறை, ஹப்பை ரீசெட் செய்யச் சொன்னார்கள். இது எனக்குக் கோபத்தை வரவழைத்தது. ரயில் நிலையங்களில் டேட்டா லாகர் என்று ஒரு கருவி உண்டு. எந்த ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) எந்த நொடியில் எழுந்தது, எப்போது விழுந்தது என்று அது எழுதிக்கொண்டே இருக்கும். பழுது வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று விற்கப்படும் பொருளில் அந்தப் பதிவின் சாயல்கூட இல்லை என்றால் எதை நம்பி ராத்திரி தூங்குவது?

ஹோம் அசிஸ்டன்ட் பக்கம் நான் போனதற்குக் காரணம் அதிலிருக்கும் டிரேஸ் என்ற ஒரு வசதி. 2021-ல் வந்தது. ஒரு ஆட்டோமேஷன் (விதிக்கு அதில் இதுதான் பெயர்) ஓடும் ஒவ்வொரு முறையும், எது அதைத் தூண்டியது, எந்த நிபந்தனை தேறியது, எங்கே நின்றது, ஒவ்வொரு படியும் எந்த நொடியில் நடந்தது என்று ஒரு படமாகச் சேமித்து வைக்கிறது. போன பாதை மட்டும் நிறம் மாறித் தெரியும். ஒரு படியைத் தொட்டால் அந்த நேரத்தில் இருந்த விவரம் முழுவதும் விரியும். எனக்கு டேட்டா லாகர் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

பழுது தேடுவதில் முதல் வேலை, அதை நாம் கூப்பிடும்போது வரவழைப்பது. நல்லவேளையாக அந்த நிறுவனத்தின் ஹப்பை ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைக்க முடிந்தது. செயலியில் இருந்த அதே விதியை இங்கே அப்படியே எழுதினேன்: ராத்திரிக் காவல் போட்டிருக்கும்போது எந்தக் கதவோ ஜன்னலோ திறந்த நிலைக்கு வந்தால் சைரன். சைரன் இருந்த இடத்தில் மட்டும் ஒரு மேஜை விளக்கைப் போட்டேன். யார் இதைச் செய்தாலும் இப்படியே செய்யுங்கள்; சோதனை முடியும் வரை அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது. மினி பிசி இன்வெர்ட்டர் லைனில் இருந்தது. ஹப் இருந்த பிளக் பாயின்ட் இன்வெர்ட்டரில் இல்லை. பகலில் மெயினை அணைத்துப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி அணைத்துப் போட்டேன். விளக்கு எரிந்தது.

டிரேஸில் காரணம் ஒரே வரியில் இருந்தது. சமையலறை ஜன்னல்: முன்பு அன்அவெய்லபிள் (தொடர்பில் இல்லை), இப்போது ஆன் (திறந்தது).

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கரண்ட் போய் வந்ததும் தேவையில்லாமல் அடிக்கும் சைரன் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கும். ஜன்னல் சென்சாருக்கு இரண்டே நிலை என்று நாம் நினைக்கிறோம், திறந்தது, மூடியது. மென்பொருளுக்கு மூன்றாவதாகவும் ஒன்று உண்டு: தொடர்பில் இல்லை. வெக்கைக்காக அந்தப் பின் ஜன்னலை ராத்திரி திறந்துதான் வைப்போம், கம்பி போட்ட ஜன்னல். அது திறந்தபடியே இருக்கும் வரை நிலை மாறுவதில்லை, எனவே சைரனும் இல்லை. கரண்ட் போனதும் ஹப் செத்துவிடுகிறது, ஜன்னல் 'தொடர்பில் இல்லை' ஆகிறது. கரண்ட் வந்ததும் ஹப் எழுந்து, ஜன்னல் திறந்திருக்கிறது என்று சொல்கிறது. திறந்த நிலைக்கு மாறினால் அடி என்பது விதி. தொடர்பில்லாத நிலையிலிருந்து திறந்த நிலைக்கு வந்ததும் ஒரு மாற்றம்தானே, அடித்துவிடுகிறது. ஜன்னலை மூடிப் படுத்த ராத்திரிகளில் அமைதியாக இருந்ததற்கும் இதுதான் காரணம்.

தீர்வு சின்னது. விதியில் 'எந்த நிலையிலிருந்து' என்ற இடத்தில் மூடியது என்று குறிப்பிட வேண்டும். மூடியதிலிருந்து திறந்ததற்குப் போனால்தான் சைரன். அந்த இடத்தைக் காலியாக விட்டால், எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ளும். கூடவே ஹப்பையும் இன்டர்நெட் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். அதற்கப்புறம் கரண்ட் போய் வந்ததற்காகச் சைரன் அடித்ததே இல்லை.

ஆனால் சிக்னல்காரனுக்கு இதோடு மனசு ஆறாது. தண்டவாளத்தில் டிராக் சர்க்யூட் என்று ஒன்று இருக்கிறது. தண்டவாளம் வழியே மெல்லிய மின்சாரம் போய் ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் மின்சாரத்தைக் குறுக்கே கடத்திவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பு. கம்பி அறுந்தாலும் ரிலே விழும், அப்போதும் சிவப்பு. தகவல் வரவில்லை என்றால் ஆபத்து என்றே எடுத்துக்கொள்வது அந்த வேலையின் அடிப்படை. ஒயர் இல்லாத வீட்டு சென்சார்கள் இதற்கு நேர் எதிர். பேட்டரி தீர்ந்து வாயடைத்துப்போன சென்சார் கடைசியாகச் சொன்ன 'மூடியது' என்ற நிலையிலேயே திரையில் நிற்கும். இந்த சென்சார்கள் பல பேசுவது ஜிக்பீ என்ற ரேடியோ முறையில். ஹோம் அசிஸ்டன்ட்டின் சொந்த ஜிக்பீ இணைப்பில், பேட்டரி சென்சார் ஒன்று பேசாமல் போனால் அதைத் தொடர்பில் இல்லை என்று அறிவிக்க இயல்பாக 6 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கரண்டில் ஓடும் கருவிக்கு 2 மணி நேரம். ஜிக்பீ டு எம்க்யூடிடி என்ற இன்னொரு வழியில், அந்தக் கண்காணிப்பை இயக்கி வைத்தால், பேட்டரிக் கருவிக்கு 25 மணி நேரம். பேட்டரியை மிச்சம் பிடிக்க அப்படி வைத்திருக்கிறார்கள் என்பது புரிகிறது. அமைப்பில் போய் நேரத்தைக் குறைக்கவும் முடியும். ஆனால் சென்சார் எப்போதாவதுதான் பேசும் என்பதால் ரொம்பக் குறைத்தால் பொய் அறிவிப்பு வரும். இந்த முறையில் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம் இது.

அதனால் வாசல் கதவுக்கும் மொட்டை மாடிக் கதவுக்கும் ஒயர் இழுத்தேன். ஈ.எஸ்.பி. 32 என்ற சின்ன வைஃபை போர்டு ஒன்று, காந்தம் நெருங்கினால் மூடும் சாதாரண ரீட் சுவிட்ச் இரண்டு, போர்டை ஹோம் அசிஸ்டன்ட்டோடு பேச வைக்கும் ஈ.எஸ்.பி. ஹோம் மென்பொருள். மூடியிருக்கும்போது சுற்று முழுமையாக இருக்கும்படி இணைத்தால், ஒயரை அறுத்தாலும் கதவு திறந்த மாதிரிதான் தெரியும். போர்டு செத்தால் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் ஹோம் அசிஸ்டன்ட்டுக்குத் தெரிந்துவிடும். சுவரில் கேசிங் ஓட்டுவது அழகு இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். சரி, திருடன் வருகிற இரண்டு வழிக்கு மட்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். ஒயர் வசதி இல்லாதவர்கள் அலார்மோ என்ற சேர்ப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஹோம் அசிஸ்டன்ட்டோடு சேர்ந்து ஓடும் இலவசக் காவல் பலகை அது. ஒவ்வொரு சென்சாருக்கும், தொடர்பு அறுந்தால் அலாரம் அடிக்கட்டுமா என்று தனியாகத் தேர்வு கொடுத்திருக்கிறார்கள். காவல் போடும்போதே திறந்திருக்கும் ஜன்னலை விட்டுவிடவும் வழி உண்டு. இதை எழுதியவர்கள் பழுதைப் பற்றி யோசித்தவர்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

டிரேஸின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். விதி தூண்டப்பட்டால்தான் டிரேஸ் உண்டாகும். அடிக்க வேண்டிய சைரன் அடிக்கவில்லை, தூண்டலே நடக்கவில்லை என்றால் அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. அப்போது அந்த சென்சாரின் வரலாற்றுப் பக்கத்துக்குப் போய், கதவு திறந்தது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவாகியிருந்தால் தப்பு விதியில். பதிவாகவில்லை என்றால் சென்சாரில் அல்லது அலைவரிசையில். பழுது தேடுவதில் பாதி வேலை இந்த ஒரு பிரிப்பில் முடிந்துவிடும். அப்புறம், ஒவ்வொரு விதிக்கும் கடைசி 5 டிரேஸ்தான் இயல்பாகச் சேமிக்கப்படும். காவல் விதிகளுக்கு இது போதாது. காலையில் எழுந்து பார்ப்பதற்குள் ராத்திரி நடந்தது கீழே தள்ளப்பட்டுப் போயிருக்கும். விதியை எழுத்தாகக் காட்டும் யாமல் வடிவத்தில் போய் அந்த எண்ணிக்கையை உயர்த்தலாம். காவல் விதிகளுக்கு நான் 30 வைத்திருக்கிறேன்.

விதியைத் திறந்து 'ரன்' அழுத்திப் பார்த்துவிட்டுச் சைரன் அடிக்கிறது, எல்லாம் சரி என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அந்தப் பொத்தான் தூண்டலையும் நிபந்தனையையும் தாண்டிச் செயலை மட்டும் ஓட்டும். சைரனுக்கு உயிர் இருக்கிறது என்பதைத் தவிர அதனால் ஒன்றும் தெரியாது. கதவை நிஜமாகத் திறந்து பாருங்கள். எட்டாத ஜன்னல் என்றால் டெவலப்பர் டூல்ஸ் பக்கத்தில் போய் அந்த சென்சாரின் நிலையைக் கையால் மாற்றிப் பார்க்கலாம்.

இன்னொன்று, விதியின் ஓட்ட முறை. ஒரு விதி ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி தூண்டப்பட்டால் என்ன செய்வது என்பதற்கு நான்கு தேர்வுகள் உண்டு. இயல்பாக இருப்பது சிங்கிள். அதாவது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் புதிய தூண்டலைக் கண்டுகொள்ளாது. என் மனைவி கோயிலுக்குப் போய்விட்டு வந்து வாசல் கதவைத் திறந்தால் காவலை எடுக்க முக்கால் நிமிட அவகாசம் இருக்கிறது. எல்லாக் கதவும் ஒரே விதியில் இருந்தால், அந்த முக்கால் நிமிடத்துக்குள் மாடிக் கதவை யார் திறந்தாலும் விதி காதில் போட்டுக்கொள்ளாது. மாடிக் கதவுக்கு அவகாசமே இல்லாத தனி விதி எழுதிவிட்டேன். பிரித்து எழுத விருப்பம் இல்லாதவர்கள் ஒவ்வொரு தூண்டலையும் தனித்தனியாக ஒரே நேரத்தில் ஓட்டும் பேரலல் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். அதேபோல, கதவு 5 நிமிடம் திறந்தே இருந்தால் சொல் என்பது மாதிரியான விதியை முழுக்க நம்பாதீர்கள். நடுவில் ஹோம் அசிஸ்டன்ட் மறுதொடக்கம் ஆனால் அந்தக் கணக்கு அழிந்துவிடும். ராத்திரி பத்தரைக்கு எல்லாக் கதவையும் ஒருமுறை நேராகப் பார்த்து, திறந்திருப்பதைப் போனுக்குச் சொல்லும் விதி ஒன்றைக் கூடுதலாக வைத்திருக்கிறேன்.

இனி சென்னை. வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களில் இதெல்லாம் அதிகம் வராது.

மொட்டை மாடிப் படிக்கட்டு அறைக்குத் தகரக் கூரை. அங்கே இருந்த அசைவு சென்சார் கத்திரி வெயிலில் மத்தியானம் ஆளைக் கண்டுபிடிக்கத் திணறியது, விடியற்காலையில் ஒழுங்காக வேலை செய்தது. பி.ஐ.ஆர். என்ற இந்த வகை அசைவு சென்சார் பார்ப்பது உடம்பின் வெப்பத்துக்கும் பின்னால் இருக்கும் சுவரின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. சுவரே உடம்புச் சூட்டை நெருங்கிவிட்டால் அதற்கு மனிதனும் சுவரும் ஒன்றுதான். எந்தப் பிராண்டு வாங்கினாலும் இது மாறாது. அந்த மாதிரி இடங்களில் கதவில் காந்த சென்சாரே முதல் காவல், பி.ஐ.ஆர். துணைக்கு. அதற்குப் பதில் ரேடார் சென்சார் போடலாமே என்று கேட்பார்கள். ஓடும் சீலிங் ஃபேனை அது அசைவாகவே பார்க்கும். நம் ஊரில் ஃபேன் ஓடாத ஹால் எது?

மழைக்காலத்தில் வேறு தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பின்பக்க மரக்கதவு ஊறி உப்பும், தாழ்ப்பாள் போட்டாலும் நிலையோடு முழுசாக ஒட்டாது. காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி கூடி, மூடிய கதவு திறந்ததாகத் தெரியும். காந்தத்தின் கீழே மெல்லிய கட்டை வைத்து நெருக்கினால் போதும். இரும்பு கிரில் கேட்டில் நேராக ஒட்டினால் இரும்பு காந்தப்புலத்தை இழுத்துக்கொள்ளும், அதற்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வேண்டும். மழை விட்ட ராத்திரியில் ஈசலும் பூச்சியும் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சத்துக்கு மொய்க்கும். அதனால் கேமரா அசைவை நான் சைரனோடு சேர்க்கவே இல்லை, பதிவு செய்வதோடு சரி. போர்டிகோ விளக்கை ஆறரைக்குப் போடு என்று எழுதாமல் சூரிய அஸ்தமனத்தோடு இணையுங்கள். இங்கே நவம்பரில் 5.40-க்கே பொழுது சாய்ந்துவிடும், ஜூலையில் 6.40 ஆகும்.

அலைவரிசை பற்றி ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரத் தம்பி ஒருவர் சொன்னது பெரிய உதவி. ஜிக்பீ டாங்கிள் (சென்சார்களோடு பேசக் கணினியில் சொருகும் சின்ன யு.எஸ்.பி. கருவி) வாங்கும்போது, "சார், இதை நேரா கம்ப்யூட்டர்ல சொருகாதீங்க. ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ஒரு மீட்டர் தள்ளி வைங்க" என்றார். யு.எஸ்.பி. 3 போர்ட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கிளப்பும். ஜிக்பீயும் அங்கேதான் இருக்கிறது. வைஃபையும் அங்கேதான். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ரவுட்டர். ஜிக்பீயை 25-ஆவது சேனலில் வைத்தேன். அது வைஃபையின் 11-ஆவது சேனலைத் தாண்டி ஓரமாக இருப்பதால் நெரிசல் குறைவு. சேனலை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். பிறகு மாற்றினால் சில சென்சார்களை மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். இன்னொரு விஷயம்: கரண்டில் ஓடும் ஜிக்பீ பிளக்குகள்தான் மற்ற சென்சார்களின் பேச்சைக் கடத்திக் கொடுக்கின்றன. அந்த பிளக் இன்வெர்ட்டரில் இல்லையென்றால், கரண்ட் போகும்போது அதை நம்பியிருந்த பேட்டரி சென்சாரும் ஊமையாகிவிடும்.

யாருக்கு இது சரிப்படும்? ஓரளவு கணினிப் பழக்கமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு. விளக்கங்கள் நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன, ஆனால் ஆங்கிலத்தில். மாதாமாதம் புதுப் பதிப்பு வரும். காவலுக்கு வைத்திருப்பவர்கள் வந்த அன்றே ஏற்றாமல், முதலில் பேக்கப் எடுத்து, திருத்தப் பதிப்பு ஒன்றிரண்டு வந்த பிறகு ஏற்றுவது நல்லது. ஏற்றிய அன்று எல்லாக் கதவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களும் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டினரும் தனியாக இதைத் தொடங்க வேண்டாம் என்பேன். பிள்ளைகளோ பக்கத்து வீட்டுத் தம்பியோ ஒருவர் இதைக் கற்றுக்கொண்டு பக்கத்தில் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறேன். பிடித்துக்கொண்ட அரை, வாயடைத்த பேட்டரி சென்சாருக்காக. புதிதாக வாங்கப் போகிறவர்கள் எந்த நிறுவனத்தின் செட்டாக இருந்தாலும் கடையிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள். சைரன் அடித்தால் எந்த சென்சாரால் அடித்தது என்று நொடிக் கணக்கோடு காட்டுமா? ஒரு சென்சாரின் பேட்டரியைக் கழற்றினால் எத்தனை நேரத்தில் போனுக்குத் தகவல் வரும்? இரண்டாவதை அவர்களையே செய்து காட்டச் சொல்லுங்கள்.